மின்காந்த ஆயுதங்களும் போர்க்களத்துக்கு வெளியே இருப்பவர்களும்

1962 ஜூலை 8 ஆம் திகதி இரவு, ஹவாய் நேரப்படி பதினொரு மணியளவில், பசிபிக் பெருங்கடலின் ஜான்ஸ்டன் தீவிலிருந்து அமெரிக்கா ஏவிய தோர் ஏவுகணையொன்று 1.4 மெகாதொன் ஆற்றலுள்ள அணுகுண்டைச் சுமந்து மேலெழுந்தது. தரையிலிருந்து 400 கிலோமீற்றர் உயரத்தில் குண்டு வெடித்தது. ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ என்று பெயரிடப்பட்ட அந்தச் சோதனையின் ஓசை எவருக்கும் கேட்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஹொனலுலு நகரில் 300 தெருவிளக்குகள் வரை அணைந்தன. திருட்டைத் தடுக்கும் எச்சரிக்கை மணிகள் யாரும் தொடாமலே ஒலித்தன. கவாய் தீவை இணைத்த தொலைபேசி நுண்ணலைத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. வெடிப்பு விண்வெளியில் விட்டுச் சென்ற மின்னேற்றத் துகள்கள் அடுத்து வந்த மாதங்களில் பல செயற்கைக்கோள்களைப் பழுதாக்கின. பிரித்தானியாவின் முதலாவது செயற்கைக்கோளான ஏரியல் 1 அவற்றில் ஒன்று. சோதனைக்கு மறுநாள் விண்ணுக்குச் சென்ற டெல்ஸ்டார் 1 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும் அந்தக் கதிரியக்கத்தால் சீர்குலைந்து, சில மாதங்களில் மௌனமானது.

அதே ஆண்டு ஒக்டோபர் 22 ஆம் திகதி, கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகம் மூச்சடைத்து நின்ற நாளில், சோவியத் ஒன்றியம் கசக்ஸ்தான் வானில் 290 கிலோமீற்றர் உயரத்தில் 300 கிலோதொன் குண்டொன்றை வெடித்தது. ஹவாயில் கடல்தான் பெரும்பகுதி. கசக்ஸ்தானிலோ மக்கள் வாழும் நிலத்தின் மேல் சோதனை நடந்தது. ஏறத்தாழ 570 கிலோமீற்றர் நீளமான தொலைபேசிக் கம்பித் தடத்தின் உருகிகள் எரிந்தன. மண்ணுக்கடியில் ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய மின்வடம் செயலிழந்தது. கரகண்டா நகரின் மின்நிலையத்தில் தீப்பற்றியது. நிலத்தடியில் புதைத்து வைத்தால் வடம் பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணமும் அன்றோடு போயிற்று.

நடந்ததன் இயற்பியலைப் பின்னர் தெளிவாக விளக்கியவர் கொன்ராட் லோங்மையர் என்ற அமெரிக்க அறிவியலாளர். வெடிப்பிலிருந்து புறப்படும் காமாக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதி, அணுக்களிலிருந்து இலத்திரன்களை உதைத்து வெளியேற்றுகின்றன. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் அந்த இலத்திரன்களைப் பூமியின் காந்தப்புலம் வளைத்துத் திருப்புகிறது. கோடானுகோடி இலத்திரன்கள் ஒரே கணத்தில் இப்படித் திரும்பும்போது, மீற்றருக்குப் பல்லாயிரம் வோல்ட் அளவிலான மின்புலம் சில நானோ விநாடிகளில் எழுந்து, கீழே கண்ணுக்கு எட்டிய நிலப்பரப்பு முழுவதன்மீதும் விழுகிறது. நுண்சில்லுகளைக் கொல்வது இந்த முதல் துடிப்பு. அதைத் தொடர்ந்து, வெடிப்பினால் பூமியின் காந்தப்புலமே குலுங்குவதால், பல விநாடிகள் முதல் நிமிடங்கள் வரை நீடிக்கும் மெதுவான துடிப்பு வருகிறது. நீண்ட மின்கடத்திகளில் மின்னோட்டத்தை ஏற்றிப் பெரிய மின்மாற்றிகளைச் சூடாக்குவது அது. 1989 மார்ச் 13 ஆம் திகதி ஒரு சூரியப் புயல் இதே வழியில் கனடாவின் கியூபெக் மாகாண மின்வலையை ஏறத்தாழ தொண்ணூறு விநாடிகளில் வீழ்த்தி, அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது. பெரிய மின்மாற்றி எந்தக் கிடங்கிலும் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே அளவெடுத்துச் செய்யப்படுவது. எரிந்துபோனால் மாற்று வருவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

மின்காந்த ஆயுதம் என்றவுடன் பெரும்பாலானோர் நினைப்பது இந்த உயர்வெளி அணுத்துடிப்பைத்தான். அதன் அபாயம் உண்மையானது. ஆனாலும் எதிர்காலப் போரில் மின்காந்த ஆயுதங்களின் இடம் என்ன என்று கேட்டால், என் பார்வை வேறு திசையில் செல்கிறது. அணுகுண்டு இல்லாமலே, அறிவிப்பும் இல்லாமலே, நாள்தோறும் பயன்படுத்தத்தக்க மின்காந்த ஆயுதங்கள் இன்று போர்க்களங்களில் உள்ளன. இவற்றை உருவாக்குவோர் இவற்றைக் குருதி சிந்தாத ஆயுதங்கள் என்று முன்வைக்கிறார்கள். அந்தக் கூற்றைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன்.

முதலில் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்களைப் பார்ப்போம். மின்காந்த விசையால் எறிபொருளை வீசும் தண்டவாளத் துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் கடற்படை ஒன்றரைப் பத்தாண்டு உழைத்து 2021 இல் அதைக் கைவிட்டது, ஜப்பான் 2023 இல் கப்பலிலிருந்து சுட்டுச் சோதித்தது. தண்டவாளங்கள் சில சுடுதல்களிலேயே தேய்ந்துவிடுவது இன்னும் தீராத சிக்கல். அடிப்படையில் அதுவும் ஒரு பீரங்கிதான். உண்மையான மாற்றத்தைக் கொண்டுவருவது உயர்சக்தி நுண்ணலை ஆயுதம்.

2012 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் போயிங் நிறுவனமும் அமெரிக்க விமானப்படை ஆய்வகமும் ‘சாம்ப்’ என்ற ஏவுகணையைப் பறக்கவிட்டன. அதில் வெடிமருந்து இல்லை. தாழப் பறந்து சென்ற அந்த ஏவுகணை, வழியிலிருந்த ஏழு இலக்குகளை நோக்கி நுண்ணலைத் துடிப்புகளை வீசியது. கட்டடத்துக்குள் வரிசையாக வைக்கப்பட்டிருந்த கணினிகள் அணைந்தன; அதைப் பதிவுசெய்ய வைத்த ஒளிப்படக் கருவிகளும் அணைந்தன. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. நுண்ணலை உள்ளே நுழைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அலைவாங்கி, ரேடார் ஏற்பி போன்று அலைகளைப் பெறுவதற்கென்றே அமைந்த வாயில் ஒன்று. மின்கம்பி, வலையமைப்பு வடம், பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாத இடுக்கு என நாம் வாயிலென்றே கருதாத வழிகள் மற்றொன்று. இந்த இரண்டாவது வழியை முழுமையாக அடைப்பது மிகவும் கடினம். பொதுமக்கள் பயன்படுத்தும் கருவிகளில் எவரும் அதை அடைக்க முயல்வதும் இல்லை.

இன்று இந்த ஆயுதத்துக்குப் பெருந்தேவையை உண்டாக்கியிருப்பது ட்ரோன்களே. சில நூறு டொலர் விலையுள்ள ட்ரோனை வீழ்த்தப் பல இலட்சம் டொலர் விலையுள்ள ஏவுகணையைச் செலவிடும் படை, வென்றுகொண்டே ஓட்டாண்டியாகும். அமெரிக்காவின் பேற்றியட் வான்காப்பு ஏவுகணை ஒன்றின் விலை நாற்பது இலட்சம் டொலர் அளவில் இருக்க, ஈரான் வடிவமைத்து ரஷ்யா உக்ரேன்மீது ஏவும் ஷாஹெட் வகை ட்ரோன் சில பத்தாயிரம் டொலரில் முடிகிறது. நுண்ணலைக் கற்றைக்கோ ஒருமுறை சுடும் செலவு ஏறக்குறைய மின்கட்டணம் மட்டுமே. பிரித்தானியா சோதித்துவரும் வானொலி அலை ஆயுதம் ஒன்றுக்கு, ஒரு தடவை சுடுவதற்குப் பத்துப் பென்ஸ் போதும் என்கிறார்கள். அமெரிக்காவின் எபிரஸ் நிறுவனம் காலியம் நைட்ரைடு குறைகடத்திகளால் அமைத்த ‘லியோனிடஸ்’ கருவி, 2025 ஓகஸ்டில் இந்தியானா மாநிலத்தில் நடந்த செயல்விளக்கத்தில் 49 ட்ரோன்களை ஒரே நேரத்தில் தரையில் வீழ்த்தியது. துப்பாக்கியும் லேசரும் ஒவ்வொன்றாகக் குறிவைக்க வேண்டியவை. நுண்ணலைக் கற்றை தனக்கு முன்னே வரும் கூட்டம் முழுவதையும் ஒருசேரத் தாக்கும்.

ஆனாலும் இயற்பியல் எவருக்கும் சலுகை தருவதில்லை. தூரம் இரட்டித்தால் ஆற்றல் அடர்த்தி நான்கில் ஒன்றாகிறது. ஆகவே இப்போதைய கருவிகளின் எட்டம் ஒரு கிலோமீற்றரிலிருந்து சில கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. ஆற்றலை விரும்பியபடி கூட்டிக்கொண்டே போகவும் முடியாது; ஒரு வரம்புக்கு மேல் காற்றே அயனாகிக் கற்றையை விழுங்கிவிடும். மழையும் மலையும் கட்டடமும் குறுக்கிடும். தன் படையின் கருவிகளும் அதே கற்றைக்குள் அகப்படலாம். தளபதிகளை அதிகம் உறுத்தும் இன்னொரு குறை, தாக்குதலின் பலனை உறுதி செய்ய முடியாதது. வெடித்துச் சிதறிய ரேடாரை வானிலிருந்து காணலாம். சில்லு எரிந்த ரேடாரும், இயக்குநர் வேண்டுமென்றே அணைத்துவைத்த ரேடாரும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இவற்றைவிட எளிமையான, மிகப் பரவலான மின்காந்த ஆயுதம் அலைத்தடை: எதிரியின் தொடர்பையும் வழிகாட்டலையும் சுமக்கும் வானொலி அலைகளை வலிமையான அலைகளால் மூழ்கடிப்பது. அதன் முழு உருவத்தையும் உலகம் கண்டது உக்ரேனில். மாதந்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் ட்ரோன்களை உக்ரேன் இழப்பதாக இலண்டனிலுள்ள ‘ருசி’ (RUSI) என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023 மே மாதத்தில் மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பங்கு ரஷ்யாவின் மின்னணுப் போர்ப் பிரிவுகளின் கைவரிசை. ஜிபிஎஸ் வழிகாட்டலை நம்பிய, அமெரிக்கா உக்ரேனுக்கு வழங்கிய எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டுகள் தொடக்கத்தில் குறி தப்பாமல் விழுந்தன. அலைத்தடைகள் பெருகியபின் அவற்றின் துல்லியம் அவற்றைப் பயன்படுத்துவதே வீண் என்னும் அளவுக்குச் சரிந்தது. உக்ரேனும் பதிலுக்குப் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞைகளை வீசி ஷாஹெட் ட்ரோன்களைத் திசைதிருப்பியது. நகரத்தில் விழ வேண்டியவை வயலில் விழுந்தன. சில எல்லை கடந்து வேறு நாடுகளுக்கே போயின. அப்படித் திசைமாறிய ஒவ்வொரு ட்ரோனும் ஒரு குடியிருப்பைக் காத்திருக்கக்கூடும். ஆகவே அலைத்தடையைத் தீமை என்று ஒரே சொல்லில் ஒதுக்க என்னால் இயலாது.

ஓட்டம் அங்கே நிற்கவில்லை. ரஷ்யா தன் ட்ரோன்களில் ‘கொமேட்டா’ என்ற பல்லுறுப்பு அலைவாங்கியைப் பொருத்தியது. தடைசெய்யும் சமிக்ஞை எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையில் மட்டும் அது தன்னைச் செவிடாக்கிக்கொள்ளும். நான்கு உறுப்புகளோடு தொடங்கியது எட்டாகி, பதினாறாகி வளர்ந்தது. 2024 முதல் இரு தரப்பும் பல ட்ரோன்களில் வானொலியையே கைவிட்டு, ட்ரோனுக்குப் பின்னால் தூண்டில் நூல்போல ஒளியிழையை அவிழ்த்துவிடும் முறைக்கு மாறின. பத்து, இருபது கிலோமீற்றர் நீளமுள்ள அந்த இழையில் அலை எதுவும் வெளியே கசிவதில்லை. எனவே தடுப்பதற்கும் எதுவுமில்லை. கிழக்கு உக்ரேனின் வயல்களிலும் மரங்களிலும் இன்று அந்த இழைகள் படர்ந்து கிடக்கின்றன. இழையும் இல்லாமல், இலக்கைத் தானே அடையாளம் கண்டு பாயும் கணிப்பொறியை ட்ரோனுக்குள் வைப்பது அடுத்த கட்டம். அலைத்தடையின் மிகப் பெரிய விளைவு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தொடர்பைத் துண்டித்துவிடலாம் என்ற அச்சமே, தொடர்பு இல்லாமல் தானாக முடிவெடுத்துக் கொல்லும் எந்திரத்தை நோக்கி இரு தரப்பையும் தள்ளுகிறது. மனிதன் இடையில் நின்று வேண்டாம் என்று சொல்வதற்கு இருந்த வழியும் அதே அலைத்தடையில் அடைபட்டுப் போகிறது.

அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து சில பத்து வாட் ஆற்றலில் அனுப்பும் சமிக்ஞை, தரையை அடையும்போது சூழலின் இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்திருக்கிறது. அதை மூழ்கடிக்கச் சிறு கருவி போதும். 2024 ஏப்ரல் 25, 26 ஆகிய இரு நாட்களில், எஸ்தோனியாவின் தார்த்து நகருக்குச் சென்ற, பின்லாந்தின் பின்னேர் நிறுவன விமானங்கள் இரண்டு ஜிபிஎஸ் இடையூற்றால் இறங்க முடியாமல் ஹெல்சின்கிக்குத் திரும்பின. அந்த விமான நிலையத்தில் தரையிறங்கும் முறை ஜிபிஎஸ் ஒன்றையே நம்பியிருந்ததால், மாற்று ஏற்பாடு வரும்வரை ஒரு மாதம் சேவை நிறுத்தப்பட்டது. 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞை கிடைத்ததை இந்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. தில்லியில் பழைய தரைவழிக் கருவிகள் இருந்தமையால் விபரீதம் நேரவில்லை.

எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2024 டிசம்பர் 25 ஆம் திகதி பாகுவிலிருந்து ரஷ்யாவின் குரோஸ்னி நகருக்குப் புறப்பட்ட அஸர்பைஜான் விமானம், குரோஸ்னியை அணுகும்போது ஜிபிஎஸ் வழிகாட்டலை இழந்தது. மூடுபனியில் இறங்க முயன்று முடியாமல் திரும்ப முற்பட்ட வேளையில், உக்ரேனிய ட்ரோன்களை எதிர்கொண்டிருந்த ரஷ்ய வான்காப்பு ஏவுகணைகள் அதனருகே வெடித்தன. காஸ்பியன் கடலைக் கடந்து கசக்ஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்த அந்த விமானத்தில் இருந்த 67 பேரில் 38 பேர் இறந்தனர். கொன்றது ஏவுகணைதான். ஆனால் ஒரு பயணிகள் விமானம் தன் இருப்பிடம் தெரியாமல் போர்வானில் தடுமாற நேர்ந்ததில் அலைத்தடைக்கும் பங்குண்டு. பாக்கு நீரிணையில் கடல் எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் திரையில் மட்டுமே பார்த்துத் தெரிந்துகொள்ளும் இராமேசுவரத்து, யாழ்ப்பாணத்து மீனவர்களை நான் அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

குருதி சிந்தாத ஆயுதம் என்ற கூற்று எங்கே உடைகிறது என்பதற்கு வருகிறேன். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா ஈராக்கின் மின்வலையைத் தாக்கியபோது, வழமையான குண்டுகளோடு, மெல்லிய கரியிழைகளைத் தூவி மின்கடத்திகளில் குறுஞ்சுற்றை உண்டாக்கும் ஏவுகணைகளையும் பயன்படுத்தியது. 1999 மே மாதத் தொடக்கத்தில் நேட்டோ அதே வகைக் குண்டுகளால் ஓர் இரவில் சேர்பியாவின் பெரும்பகுதியை இருளாக்கியது. இவை அலையை வீசும் ஆயுதங்கள் இல்லையென்றாலும் நோக்கம் ஒன்றே: ஆளைத் தொடாமல் மின்சாரத்தைத் தொடுவது. ஈராக்கில் அதன் பின் நிகழ்ந்ததை 1991 இலேயே அங்கு சென்ற ஹார்வர்ட் ஆய்வுக் குழு பதிவுசெய்தது. மின்சாரம் இல்லாததால் நீரேற்றும் நிலையங்கள் நின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நின்றது. கழிவு ஆற்றில் கலந்தது. கொலராவும் நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பரவின. இறந்தவர்களில் குழந்தைகளே அதிகம். மின்நிலையத்தில் விழுந்த குண்டுக்கும் அந்தக் குழந்தைக்கும் இடையே பல வாரங்களும் பல கிலோமீற்றர்களும் இருந்தமையால், அந்தச் சாவுகள் எவருடைய கணக்கிலும் முறையாக எழுதப்படவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் அறிந்தவனல்லன். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக ஜாம் போத்தலில் சிறு திரியிட்டுச் செய்த சிக்கன விளக்கில்தான் என் வயதுப் பிள்ளைகள் படித்தோம். ஒருவர் சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்க, அதன் டைனமோவில் வானொலி பேச, அயலார் சூழ்ந்து நின்று செய்தி கேட்பார்கள். அந்தக் கெட்டித்தனத்தை இன்று பெருமையோடு சொல்லுகிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் தடுப்பூசியையும் இன்சுலினையும் குளிரில் வைத்திருக்கச் சைக்கிள் டைனமோ உதவவில்லை. மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் எத்தனை மணி நேரத்துக்குப் போதும் என்று கணக்கிட்டுச் சத்திரசிகிச்சை செய்த மருத்துவர்களும், அந்தக் கணக்கு முடியும் நேரத்தில் வந்து சேர்ந்த நோயாளிகளும் இருந்தார்கள். அன்று எங்களிடம் மின்சாரத்தை நம்பியிருந்த பொருட்கள் மிகக் குறைவு. கிணறு இருந்தது, துலா இருந்தது, காசு கையில் இருந்தது. இன்று ஒரு நகரத்தின் குடிநீரும் வங்கியும் மருந்துச் சீட்டும் தொலைபேசியும் ஒரே மின்வலையிலும், ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டு ஒத்தியங்கும் வலையமைப்புகளிலும் தொங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் பல மாதங்களில் சூழ்ந்த இருள், இத்தகைய நகரத்தில் ஒரே நொடியில் சூழும்.

சட்டம் இதைப் பற்றி முற்றிலும் மௌனமாக இல்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 ஆம் ஆண்டு முதலாவது கூடுதல் நெறிமுறை, குடிநீர் நிலையங்கள் போன்று மக்கள் உயிர்வாழ இன்றியமையாதவற்றைத் தாக்கக்கூடாது என்கிறது. புதிய ஆயுதம் எதையும் பயன்படுத்துமுன் அது சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஆராய வேண்டும் என்று அதன் 36 ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அமெரிக்காவும் இந்தியாவும் இலங்கையும் அந்த நெறிமுறையில் இணையவில்லை. இணைந்த நாடுகளிலும், காயம் என்றால் குருதி, சேதம் என்றால் இடிபாடு என்ற பழைய அளவுகோலே பெரும்பாலும் ஆள்கிறது. நுண்ணலையால் அணைந்த கணினி ‘சேதமா’, அலைத்தடை ‘தாக்குதலா’ என்ற கேள்விகளுக்குச் சட்ட அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த விடை இல்லை.

நம்பிக்கை தரும் முன்னுதாரணம் ஒன்று உண்டு. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்கள் போர்க்களங்களில் பரவுமுன்னரே, 1995 ஒக்டோபரில் வியன்னாவில் கூடிய நாடுகள் அவற்றைத் தடைசெய்யும் நெறிமுறையை ஏற்றன. 1998 இல் அது நடைமுறைக்கு வந்தது. சுவீடனும் செஞ்சிலுவைச் சங்கமும் பல ஆண்டுகள் விடாது வலியுறுத்தியதன் பலன் அது. குருடாக்குவது கொல்வதைவிட மென்மையானது என்று அன்றும் வாதிட்டவர்கள் இருந்தார்கள். அந்த வாதம் தோற்றது. விண்வெளியிலோ காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. செயற்கைக்கோள்களை அழிக்கவல்ல அணு ஆயுதத்தை ரஷ்யா உருவாக்கிவருவதாக அமெரிக்கா 2024 இல் குற்றஞ்சாட்டியது; ரஷ்யா மறுத்தது. அணு ஆயுதங்களை விண்ணில் நிறுத்தக்கூடாது என்று 1967 விண்வெளி உடன்படிக்கை சொன்னதை மீண்டும் உறுதிசெய்யப் பாதுகாப்புச் சபையில் வந்த தீர்மானத்தை, அவ்வாண்டு ஏப்ரலில் ரஷ்யா தன் தடையதிகாரத்தால் வீழ்த்தியது. 1962 இல் வானில் இருந்த செயற்கைக்கோள்கள் சில பத்துகள். இப்போது பத்தாயிரத்துக்கு மேல்.

பெரிய உடன்படிக்கை வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தரையிலிருந்து இயங்கும் வழிகாட்டும் கருவிகளை, பழையவை என்று கழற்றி எறியாமல் வைத்திருக்கலாம். தில்லியையும் தார்த்துவையும் ஒப்பிட்டால் அதன் பெறுமதி தெரியும். வடகொரியாவின் ஜிபிஎஸ் இடையூறுகளைப் பலமுறை பட்டறிந்த தென்கொரியா, அதற்காகவே தரைநிலைய வானொலி வழிகாட்டலை மீண்டும் அமைத்தது. மருத்துவமனையின் அவசரக் கருவிகளுக்கும் நீரேற்று நிலையங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் உலோகக் கவசமும் மின்னெழுச்சித் தடுப்பும் இடுவது பெருஞ்செலவில்லை.

சட்டத்தில் திருத்தம் கேட்க வேண்டிய இடம் எதுவென்றும் தெளிவாகவே தெரிகிறது. 2025 மார்ச்சில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும், குடிசார் வான்போக்குவரத்து அமைப்பும், கடல்சார் அமைப்பும் சேர்ந்து, செயற்கைக்கோள் வழிகாட்டலைக் குலைக்கும் இடையூறுகளைப் பற்றிக் கவலை தெரிவித்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. ஆனால் அந்தத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சாசனத்திலேயே, 48 ஆம் பிரிவு, இராணுவ வானொலி நிலையங்கள் தொடர்பில் உறுப்பு நாடுகளுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்கிறது. ஆபத்துக்கால அழைப்புகளுக்கு உதவுவதையும் இடையூறு தவிர்ப்பதையும் ‘இயன்றவரை’ கடைப்பிடித்தால் போதும் என்று விட்டுவிடுகிறது. பயணிகள் விமானமும் மீன்பிடிப் படகும் அவசர ஊர்தியும் நம்பியிருக்கும் அலைவரிசைகளுக்கு மட்டுமாவது அந்த ‘இயன்றவரை’ நீக்கப்பட்டு, போர்க்காலத்திலும் மீற முடியாத கடமையாக அது எழுதப்பட வேண்டும்.